செயற்கை மூட்டும் பல் சிகிச்சையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், பல் பிடுங்கச் செல்லும்போதெல்லாம் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் மாத்திரை விழுங்கும் வழக்கம் இன்னும் நீடிக்கிறது. வாயிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமிகள் செயற்கை மூட்டில் தங்கிவிடுமோ என்பதே இதற்குப் பின்னுள்ள அச்சம். மூட்டில் தொற்று ஏற்பட்டால் மறு அறுவை சிகிச்சை வரை போக நேரிடலாம் என்பதால், அந்த அச்சத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. ஆனால், அன்றாடம் பல் துலக்கும்போதும் உணவை மெல்லும்போதும்கூடக் கிருமிகள் ரத்தத்தில் கலக்கின்றன என்பதையும், மூட்டுத் தொற்றுகளின் பெரும்பகுதிக்குக் காரணம் வாயில் மிகுந்திருக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அல்ல, தோலில் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வகைகளே என்பதையும் நோயாளிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டாமா?

செயற்கை மூட்டு உள்ளவர்களுக்குப் பல் சிகிச்சைக்கு முன் தடுப்பு ஆன்டிபயாடிக் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. மூட்டு மாற்று அறுவை சிகிச்சையின்போது, கீறலுக்கு முந்தைய 60 நிமிடங்களுக்குள் செலுத்தப்படும் மருந்து வேறு. அதன் பயன் உறுதியானது. செயற்கை இதய வால்வு பொருத்தியவர்களுக்கும் விதி வேறு. நோய் எதிர்ப்பாற்றல் மிகக் குறைந்தவர்களும், மூட்டில் ஏற்கெனவே தொற்று கண்டவர்களும் எலும்பு மருத்துவரைக் கலந்தே முடிவெடுக்க வேண்டும்.

ஒரே ஒரு வேளை மருந்துகூட ஒவ்வாமையையோ கடும் வயிற்றுப்போக்கையோ உண்டாக்கக்கூடும். எனவே, மூட்டு மாற்றத்துக்கு முன்பே சொத்தைப் பற்களையும் ஈறு நோயையும் சரிசெய்வதையும், எதிர்காலப் பல் சிகிச்சைக்கு மருந்து தேவையா இல்லையா என்பதை மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போதே எழுதிக் கொடுப்பதையும் மருத்துவர்கள் வழக்கமாக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்