டெல்லியில் இருக்கும் எல்டருக்கு

அன்புள்ள கண்ணு,

பார்சலில் ஸ்வெட்டர் இரண்டு, திருப்பூரிலிருந்து வரவழைத்த தெர்மல் ஒரு ஜோடி, அப்புறம் அம்மிச்சி கொடுத்த பருப்புப் பொடியும் கொள்ளுப் பொடியும் இருக்கின்றன. திங்கட்கிழமை நீ வீடியோ காலில் வந்தால் போன் அம்மா கையை விட்டு நகர்வதே இல்லை. 2019க்கு முன்னால், உன்னைப்போல் எல்டர் என்ற பட்டத்தோடு ஊழியத்துக்குப் போகும் உங்கள் சபை மிஷனரிகள் கிறிஸ்துமஸுக்கும் அன்னையர் தினத்துக்கும்தான் வீட்டுக்குப் பேசுவார்களாம், இங்கே உங்கள் சபைக் கிளையை நடத்தும் பிராஞ்ச் பிரசிடெண்ட் சொன்னார். அந்தக் காலத்தில் நீ போயிருந்தால் அம்மா டெல்லிக்கே குடி போயிருப்பாள். எனக்கும் உன்னிடம் சொல்ல நாலு விஷயம் இருக்கிறது. குறுக்கே யாரும் பேச முடியாது என்பதால் கடிதமாகவே எழுதிவிடுகிறேன்.

இங்கே சொந்தக்காரர்கள் கேள்வி இன்னும் ஓயவில்லை. "பி.காம். முடித்த பையன் சம்பளமில்லாமல் இரண்டு வருஷம் என்ன பண்ணுகிறான்? போதாததற்கு வீட்டிலிருந்து பணம் வேறு அனுப்புகிறீர்களாமே?" என்கிறார்கள். நம் சி.எஸ்.ஐ. கோயிலில் கேட்பவர்களுக்கு வேறு கவலை, நீ எந்தச் சபைக்குப் போய்ச் சேர்ந்தாய் என்று. பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்று முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் பாதிப் பேர் அடுத்த பேச்சுக்குப் போய்விடுகிறார்கள், அதுவும் நல்லதுதான். உன் சபையில் நானும் அம்மாவும் சேரவில்லை. சேரப்போவதும் இல்லை. ஆனால் நீ செய்யும் வேலையில் எனக்குத் தெரிந்த பகுதி ஒன்று உண்டு.

பிறத்தியார் வீட்டுப் படி ஏறி, அவர்கள் அவசரமாய் நினைக்காத ஒன்றைப் பற்றிப் பேசுவதுதான் அது. இன்சூரன்ஸ் ஏஜென்டாக என் பிழைப்பே அப்படித்தான் போனது. எனக்குக் கமிஷன் உண்டு, உனக்கு அதுவும் கிடையாது.

நீங்கள் கண்ட வீட்டுக் கதவையெல்லாம் தட்டுவதில்லை, சபைக்காரர் யாராவது தெரிந்தவரைச் சொன்னால்தான் போகிறீர்கள் என்றாய். சரியான வழி. என் தொழிலிலும் ரெஃபரன்ஸில் வந்த ஆள்தான் கடைசிவரை நிற்பார். ஆனால் ஒன்று. பார்த்த அன்றே தலையாட்டிக் கையெழுத்துப் போட்டவரின் பாலிசி அடுத்த வருஷமே லாப்ஸ் ஆகும். ஆறு மாதம் கேள்வி கேட்டு என் உயிரை எடுத்தவர்கள் இருபது வருஷம் ஒழுங்காகப் பிரீமியம் கட்டினார்கள். அதனால் ஞானஸ்நானத்துக்கு யாரையும் அவசரப்படுத்தாதே. வாரா வாரம் எத்தனை பேரைப் பார்த்தோம், எத்தனை பேர் ஞாயிறு ஆராதனைக்கு வந்தார்கள் என்று கணக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்று போன வாரம் சொன்னபோது உன் முகம் சரியில்லை. டார்கெட் இருக்கும் இடத்தில் மனுஷன் எண்ணாகத் தெரிய ஆரம்பிப்பான். மார்ச் மாதத்தில் கணக்கு முடிக்க, கைக்காசைப் போட்டுப் பாலிசி எழுதிய ஏஜென்ட்களை நான் பார்த்திருக்கிறேன். கணக்கில் பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்றே எழுது.

எண் குறைவு என்று உனக்குத் தோன்றினால் இதை நினைத்துக்கொள். சால்ட் லேக் சிட்டியில் 1849ல் உங்கள் ஞாயிறு பள்ளியைத் தொடங்கிய ரிச்சர்ட் பாலன்டைன், 1853ல் மதராஸ் வந்தார். பத்திரிகைகூட அச்சிட்டுப் பார்த்தார். அடுத்த வருஷமே மதராஸை விட்டுக் கிளம்பிவிட்டார். சபை என்று பெரிதாக எதுவும் நிற்கவில்லை. நூறு வருஷம் கழித்து நம் கோயமுத்தூர்க்காரர் பால் திருத்துவதாஸ் கையில் 1954ல் உங்கள் சபையின் துண்டுப் பிரசுரம் ஒன்று கிடைக்கிறது. அவர் ஞானஸ்நானம் பெற்றது 1965ல். அந்தப் பிரசுரத்தை யார் எங்கே விட்டுப் போனாரோ, அவருடைய வாரக் கணக்கில் இது வந்திருக்க வாய்ப்பே இல்லை.

டீ விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் சபைக்கு 1833ல் வந்த கட்டளை, காபியும் டீயும் கூடாது என்கிறாய். நீ போனதிலிருந்து காலையில் ஃபில்டர் காபி போடும்போதெல்லாம் அம்மா உன்னைத்தான் பேசுகிறாள். ஆனால் ஜனவரிக் குளிரில் டெல்லி வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, அவர்கள் நீட்டும் டீயை வேண்டாம் என்பது லேசான காரியமில்லை. வெறுமனே 'நஹீன்' என்று நிறுத்தாதே, அவர்கள் முகம் வாடிவிடும். சுடுதண்ணீர் கிடைக்குமா, கொஞ்சம் பால் கிடைக்குமா என்று நீயாகவே கேள். உபசரிக்க ஒரு வழி கிடைத்தால் அவர்களுக்கும் நிம்மதி. எனக்குச் சர்க்கரை வந்த பிறகு போகிற வீடுகளில் இப்படித்தான் சமாளிக்கிறேன்.

உன்னோடு ஜோடியாகத் தங்கி ஊழியம் செய்யும் கம்பானியன் குறட்டை விடுகிறான், பாத்திரம் கழுவுவதில்லை, ஆறரைக்கு எழுந்து உடற்பயிற்சிக்குக் கூப்பிட்டால் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கிறான் என்று அம்மாவிடம் புகார் பட்டியலே வாசித்தாய். குளியலறை தவிர எங்கேயும் தனியாக இருக்கக் கூடாது என்றால் யாருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும். கல்யாணம் பண்ணியவர்களே அப்படி ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்ஃபர் வரும், மாறினாலும் மாறலாம், அதுவரை பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று இருக்காதே. இரவு பத்தரைக்கு விளக்கணைப்பதற்கு முன் நேரடியாகச் சொல்லிவிடு. அவன் விசாகப்பட்டினம் என்றாயே, அவனும் வீட்டை விட்டு வந்த பிள்ளைதான். ஹிந்தியில் நீங்கள் இருவருமே திணறுகிறவர்கள், சண்டையாவது ஒழுங்கான இங்கிலீஷில் போட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு நிஜமாகவே பயம் இருக்கும் இடம் வேறு. நொய்டா, காசியாபாத் என்று யமுனையைத் தாண்டினால் உத்தரப்பிரதேசம். அங்கே 2021லிருந்து மதமாற்றத் தடைச் சட்டம் இருக்கிறது. 2024ல் அதை இன்னும் கடுமையாக்கினார்கள். குருகிராம் பக்கம் ஹரியானாவிலும் 2022லிருந்து ஒரு சட்டம். நம் ஊரிலும் 2002ல் அவசரச் சட்டம் வந்து 2004ல் போனது, உனக்கு விவரம் தெரியாத வயது. உங்களுக்கெல்லாம் பொறுப்பாளரான மிஷன் பிரசிடெண்ட் எங்கே போக வேண்டாம், என்ன பேச வேண்டாம் என்கிறாரோ அதை அப்படியே கேள். இதில் வீரம் காட்டாதே. யாராவது சத்தம் போட்டால் வாதாடாமல் கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்டு.

உன் சட்டையில் குத்தியிருக்கும் கறுப்புப் பேட்ஜைப் போட்டோவில் பெரிதாக்கிப் பார்த்தேன். எல்டர் என்று போட்டு என் பெயர். இனிஷியலை விரித்து அதையே குடும்பப் பெயராக வைத்துவிட்டார்கள் போல. டெல்லியில் நாள் முழுக்க உன்னை என் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. திட்டு விழுந்தாலும் அது எனக்குத்தான், நீ மனதில் வைத்துக்கொள்ளாதே.

கடைசியாக, இதை அம்மா முன்னால் சொல்ல முடியாது. ராத்திரி தூக்கம் வருவதில்லை என்று ஒருமுறை சொல்லிவிட்டுச் சட்டென்று பேச்சை மாற்றினாய். ஊர் நினைப்பால் வருவது என்றால் மெல்லச் சரியாகும். சாப்பாடு இறங்கவில்லை, ஜெபம் பண்ணவே பிடிக்கவில்லை, எழுந்திருக்கவே தோன்றவில்லை என்று வாரக்கணக்கில் போனால் மிஷன் பிரசிடெண்டிடம் மறைக்காமல் சொல். டாக்டரைப் பார். அதற்கும் சரியாகவில்லை என்றால் ரயில் ஏறு. இருபத்துநான்கு மாதம் முடிக்காமல் வந்தான் என்று உன் சபையில் யாராவது முணுமுணுத்தால் அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன். சொந்தக்காரர்கள் எப்படியும் பேசத்தான் போகிறார்கள், முடித்து வந்தாலும் பேசுவார்கள்.

ஷூ அடிப்பாகம் தேய்ந்துவிட்டது என்றாயே, உன் கணக்கில் பணம் போட்டிருக்கிறேன். மலிவாகக் கிடைக்கிறதே என்று சந்தையில் எதையாவது வாங்காமல் தோல் ஷூவாகப் பார்த்து வாங்கு. பில்லைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, அம்மாவுக்கு வேண்டாம். விலையைப் பார்த்தால் இரண்டு நாள் அதையே பேசுவாள்.

இப்படிக்கு,
அப்பா