கடற்கரைக்கும் காசா என்று கேட்பவர்களுக்கு

பசிபிக் தீவுகளுக்குப் போய்ப் பயணக் காணொளி போடும் தமிழ் நண்பர்களுக்கு,

வணக்கம். சாலமன் தீவுகளின் தலைநகர் ஹோனியாராவில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். இந்த நாட்டைப் பற்றித் தமிழில் ஏதாவது வந்தால் விடாமல் பார்த்துவிடுவேன், அபூர்வமாகத்தானே வருகிறது. உங்களில் பலர் நன்றாகவே எடுக்கிறீர்கள். ட்ரோனிலிருந்து பார்க்கும்போது நான் தினமும் போகிற ரோடுகூட அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாவற்றிலும் ஒரே புலம்பல்: "பீச்சுக்குப் போகக்கூட காசு கேக்குறாங்க மக்களே, உஷாரா இருங்க!" அண்மையில் ஒருவர் ஒரு படி மேலே போய், போனெகி கடற்கரையில் காசு வாங்கும் பெண்மணியின் முகத்தில் சிவப்பு வட்டம் போட்டு முகப்புப் படமாகவே வைத்திருந்தார். அந்த வட்டம் நியாயமில்லை. ஏன் என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் நிலம். இந்த நாட்டு நிலத்தில் 80 சதவீதத்துக்கு மேல் வழக்காற்று நிலம். அரசுப் புறம்போக்கும் இல்லை, தனி ஆள் பெயரில் பட்டாவும் இல்லை; ஒரு குலத்துக்கே சொந்தம். ஹோனியாரா இருக்கும் குவாடல்கனால் தீவில் பல இடங்களில் அந்த உரிமை தாய்வழியாகத்தான் இறங்குகிறது. அதனால் மரநிழலில் உட்கார்ந்து, சுண்ணாம்பு தொட்டுப் பச்சைப் பாக்கு மென்றுகொண்டு, சிவந்த வாயால் சிரித்தபடி உங்களிடம் கை நீட்டுகிறாரே, அந்த அம்மா பெரும்பாலும் அந்த மண்ணின் சொந்தக்காரக் குடும்பம். மெரினாவுக்குக் காசு கொடுத்தா போகிறோம் என்று ஒருவர் கேட்டிருந்தார். மெரினா யாருடைய பாட்டன் சொத்தும் இல்லை. இங்கே நீங்கள் காரை நிறுத்துவது அடுத்தவர் வீட்டுத் தென்னந்தோப்பில்.

சரி, போனெகியில் எதைப் பார்க்கப் போகிறீர்கள்? கரையிலிருந்து நாலு எட்டு நீந்தினால் போதும், தண்ணீருக்கு மேலே துருப்பிடித்த இரும்பு தலை நீட்டிக்கொண்டிருக்கும். அது கினுகாவா மாரு. இரண்டாம் உலகப் போரில், 1942 நவம்பரில், ஜப்பானியர் இந்தத் தீவுக்கு 11 சரக்குக் கப்பல்களில் படையும் அரிசியும் ஏற்றி அனுப்பினார்கள். வழியிலேயே ஏழு போயிற்று. மிஞ்சிய நான்கையும் நவம்பர் 15 விடியலுக்கு முன் வேண்டுமென்றே கரையில் மோதவிட்டார்கள், இறங்கின வரை லாபம் என்று. விடிந்ததும் அமெரிக்க விமானங்கள் வந்து அடித்தன. அந்த நான்கில் ஒன்றுதான் இது. இப்போது விலா எலும்பெல்லாம் பவளம் ஏறி, கண்ணாடி மாட்டிக் குனிந்தால் மஞ்சளும் நீலமுமாய் மீன் கூட்டம். பார்க்க வேண்டிய இடம்தான். பக்கத்திலேயே இன்னொன்று, ஹிரோகாவா மாரு, ஆழத்தில் கிடக்கிறது.

இந்தக் கதையை நீங்கள் எல்லோரும் சொல்கிறீர்கள். இதே தீவின் லுங்காவில் ஜப்பானியர் விமானத்தளம் கட்டத் தொடங்கியது, 1942 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்க மரைன்கள் இறங்கி அதைப் பிடித்து ஹெண்டர்சன் என்று பெயர் வைத்தது, ஆறு மாதச் சண்டை, ஜப்பானியரில் 20,000 பேருக்கு மேல் செத்தது, அதில் பல ஆயிரம் பேர் பசியிலும் மலேரியாவிலும் போனது, 1943 பிப்ரவரியில் மிச்சப் படையை இரவோடு இரவாக ஏற்றிக்கொண்டு போனது, எல்லாம் வருகிறது. நீங்கள் வந்து இறங்கும் விமான நிலையமே அந்த ஹெண்டர்சன்தான் என்றும் மறக்காமல் சொல்கிறீர்கள். ஆனால் ஊர்க்காரன்? இருபது நிமிடக் காணொளியில் அவன் வருவது இளநீர் வெட்டுகிற இடத்தில் மட்டும்.

ஜேக்கப் வூசாவைப் பற்றி ஒருவராவது பேசக் கூடாதா? போலீசில் சார்ஜென்ட் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். 1942 ஆகஸ்டில் அமெரிக்கர்களுக்காக வேவு பார்க்கப் போன இடத்தில் ஜப்பானியரிடம் மாட்டிக்கொண்டார். அவரிடம் ஒரு சின்ன அமெரிக்கக் கொடி இருந்தது, அதுவே வினையாகிவிட்டது. மரத்தில் கட்டி விசாரித்தார்கள். வாய் திறக்கவில்லை. நெஞ்சிலும் தொண்டையிலும் துப்பாக்கிக் கத்தியால் குத்திவிட்டு, செத்தான் என்று விட்டுப் போனார்கள். அந்த மனிதர் கட்டை அறுத்துக்கொண்டு காட்டுக்குள் ஊர்ந்தே வந்து, எதிரிப் படை எங்கே, எவ்வளவு என்று சொன்னார். தொண்டையில் குத்து வாங்கியவர் சொன்னார், ஐயா! ஆகஸ்ட் 21 அன்று ஜப்பானியத் தளபதி இச்சிக்கியின் படை ஓர் ஓடைக்கரையில் ஏறக்குறைய முழுதாக அழிந்தது. 1979இல் அவருக்கு சர் பட்டம் கொடுத்தார்கள். ரோவேயில் போலீஸ் தலைமையகத்துக்கு எதிரே அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. ஊருக்குள்தான், டாக்சி பிடித்தால் வந்துவிடும்.

கென்னடி கதையும் அப்படித்தான். பின்னாளில் அமெரிக்க அதிபரானாரே, அவர்தான். 1943 ஆகஸ்டில் அவருடைய பிடி-109 ரோந்துப் படகை ஜப்பானியக் கப்பல் இரண்டாகப் பிளந்தது. தீவில் சிக்கிய அவரையும் கூட்டாளிகளையும் கண்டுபிடித்து, தேங்காய் ஓட்டில் கீறிய செய்தியை எதிரிகள் நடமாடும் கடலில் துடுப்புப் போட்டுக் கொண்டுபோனவர்கள் பியூகு காசா, எரோனி குமானா. "உள்ளூர் மீனவர்கள் இருவர்" என்று முடித்துவிடுகிறீர்கள். பெயரைச் சொன்னால் மூன்று விநாடி ஆகுமா?

அப்புறம் பெயரே பதிவாகாத ஆயிரக்கணக்கானவர்கள். கப்பலில் வந்த குண்டுகளையும் பெட்ரோல் பீப்பாய்களையும் தோளில் இறக்கிய தொழிலாளர் படை. அப்போது இங்கே ஆண்ட பிரிட்டிஷ்காரர் நிர்ணயித்த கூலி மாதம் ஒரு பவுண்டு. அமெரிக்கச் சிப்பாய்கள் பிரியப்பட்டுக் கொடுத்த சட்டை, போர்வையைக்கூட அதிகாரிகள் பிடுங்கினார்கள். அந்த வயிற்றெரிச்சலும் சேர்ந்துதான் போர் முடியுமுன்னே பக்கத்துத் தீவான மலைட்டாவில், சுயாட்சி கேட்ட மாசினா ரூரு இயக்கமாகக் கிளம்பியது. 1947இல் தலைவர்களைக் கூட்டம் கூட்டமாகப் பிடித்து உள்ளே போட்டார்கள். ஆனாலும் 1953இல் மலைட்டாவுக்கு ஒரு மன்றம் கிடைத்தது. நாடு விடுதலை பெற்றது 1978இல்.

இதெல்லாம் பழங்கதை என்றால், நேற்றுக் கதைக்கு வருகிறேன். ஹோனியாராவில் பழைய வேலிகளைக் கவனியுங்கள்: வட்ட வட்டமாக ஓட்டை போட்ட இரும்புப் பலகைகள். அவை ஒரு காலத்தில் ஓடுதளத்தில் விரித்தவை. நகரமே அமெரிக்கர் விட்டுப்போன ராணுவ முகாமின் மேல் எழுந்ததுதான். போருக்கு முன் தலைநகர் துலாகி. முகாம் போனது, குண்டு போகவில்லை. 2020 செப்டம்பரில், வெடிக்காத குண்டுகளைக் கணக்கெடுக்க வந்திருந்த இரண்டு வெளிநாட்டு வல்லுநர்கள் ஹோனியாராவிலேயே ஒரு குண்டு வெடித்து இறந்தார்கள். 2021 மே மாதம் நகரின் லெங்காகிகி பகுதியில் நிதி திரட்டுவதற்காகச் சிலர் வீட்டு வளாகத்தில் அடுப்பு மூட்டிச் சமைத்தார்கள். அடுப்புக்கு அடியில், மண்ணுக்குள் பீரங்கிக் குண்டு. சூடேறி வெடித்ததில் இரண்டு பேர் போய்விட்டார்கள். வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டுவது, மரவள்ளி நடுவது, குழந்தைகள் பள்ளி மைதானத்தில் விளையாடுவது, எல்லாமே இங்கே கொஞ்சம் பயந்துகொண்டு செய்கிற வேலை. இலங்கையில் கண்ணிவெடி புதைந்த முகமாலைப் பக்கத்து வாசகர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கண்டெடுத்த குண்டுகளை போலீசின் வெடிகுண்டுப் பிரிவு கிழக்கே ஹெல்ஸ் பாயிண்டில் கொண்டுபோய் வெடிக்க வைக்கிறது. வேலை முடிகிற மாதிரி தெரியவில்லை.

இன்னொருவர் நாட்டுச் சண்டை இவர்கள் கொல்லைப்புறத்தில் நடந்தது. செத்தவர்களுக்காக ஸ்கைலைன் மேட்டில் அமெரிக்கரும் ஆஸ்டன் மலையில் ஜப்பானியரும் நினைவிடம் கட்டிக்கொண்டார்கள், நன்றாகவே பராமரிக்கிறார்கள். தோட்டத்தில் குண்டோடு இருக்கிறவர்களுக்கு அந்தப் போரால் வரும் ஒரே வருமானம், கப்பலைப் பார்க்க வருகிறவர் கொடுக்கும் அந்தச் சில டாலர். அதைத்தான் கொள்ளை என்கிறீர்கள். பேரம் பேசுவதைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். கேமராவை முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டு பேரம் பேசுவதுதான் சகிக்கவில்லை.

இன்னொன்று. தோட்டா, ஹெல்மெட், பெயர்த்தகடு என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். போர்ச் சின்னங்களைக் காக்க 1980இல் இயற்றிய சட்டம் இருக்கிறது, நாட்டைவிட்டு எடுத்துப்போக முடியாது. அதைவிட முக்கியமாக, நீங்கள் வாங்கினால் நாளைக்கு ஒரு பையன் இன்னும் ஆழமாகத் தோண்டுவான். துருப்பிடித்த உருளை எதுவும் கண்ணில் பட்டால் காலால் தட்டிப் பார்க்காமல் போலீசுக்குச் சொல்லுங்கள்.

வாருங்கள், தாராளமாக வாருங்கள். சில்லறை நோட்டு கையில் வைத்துக்கொள்ளுங்கள், ட்ரோன் பறக்கவிடுமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். நகர மையத்தில் 2011இல் திறந்த வேவுப்படையினர் நினைவுச்சின்னத்தையும் ஒரு நிமிடமாவது காட்டுங்கள், அது தீவுக்காரர்களுடையது. மேற்கே விலு அருங்காட்சியகத்தில் தென்னைகளுக்கு நடுவே ஒரு வைல்ட்கேட் போர் விமானம் நிற்கிறது, அதன் இறக்கை இன்றும் மடங்கும். மடக்கிக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அங்கேயும் கட்டணம் உண்டு.

இப்படிக்கு,
ஹோனியாராவிலிருந்து ஒரு கணக்கர்