ரிப்போர்ட் அனுப்புவதற்கு முன்னால்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் உன் டீமில் புதிதாகச் சேர்ந்த பெண்ணைப் பற்றிச் சொன்னாய். காலை மீட்டிங்கிற்கு எப்போதும் தாமதம், கேமராவை ஆன் செய்வதில்லை, கேட்டால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "சுத்த சோம்பேறிம்மா, பொறுப்பே கிடையாது" என்று முடித்துவிட்டாய். வெள்ளிக்கிழமை அவளுடைய புரொபேஷன் ரிப்போர்ட்டை நீ அனுப்ப வேண்டும் என்றதும் எனக்கு மனசு கேட்கவில்லை. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அவள் தாமதமாக வருவதை நீ கண்ணால் பார்த்தாய். சோம்பேறித்தனம் நீயாகச் சேர்த்துக்கொண்டது. சித்தி வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஒரு போன்கூடப் பண்ணாமல் விட்டாயே, அப்போது என்ன சொன்னாய்? "ஆடிட் நேரம்மா, மூச்சு விட முடியல." உண்மைதான், எனக்குச் சந்தேகமே வரவில்லை. நமக்கென்றால் வேலை, நேரம், சூழ்நிலை எல்லாம் காரணமாக வந்து நிற்கிறது. அடுத்தவர் என்றால் நேராகக் குணத்துக்குப் போய்விடுகிறோம். மனிதர்களைப் பற்றி நாம் செய்யும் அடிப்படைப் பிழையே இதுதான் என்று லீ ராஸ் என்ற உளவியலாளர் 1977-இல் எழுதினார்.

கல்லூரியில் இந்தப் பாடத்துக்கு நான் எப்போதும் சொல்லும் ஆய்வு ஒன்று உண்டு. 1973-இல் டார்லி, பேட்சன் என்ற இருவர் வெளியிட்டது. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரியில் பாதிரியார் ஆவதற்குப் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய் ஒரு சிறு உரை ஆற்ற வேண்டும் என்று அவர்களை அனுப்பினார்கள். அதில் பாதிப் பேருக்குத் தலைப்பே நல்ல சமாரியன் கதை. அடிபட்டு வழியில் கிடந்தவனுக்கு உதவியவனைப் பற்றி ஏசு சொன்ன கதை. போகிற வழியில் ஒரு வாசலில் ஒருவர் தலை தொங்கி, கண் மூடி, இருமி முனகிக்கொண்டிருப்பார். அவரை அங்கே உட்கார வைத்ததே ஆய்வாளர்கள்தான். சிலரிடம் மட்டும், "ஏற்கெனவே லேட், ஓடுங்கள்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

அவசரமில்லாமல் போனவர்களில் 63 சதவீதம் பேர் ஏதோ ஒரு விதத்தில் உதவினார்கள். அவசரமாகப் போனவர்களில் 10 சதவீதம்தான். சமாரியன் கதையைப் பேசப் போனதால் பெரிய வித்தியாசம் வரவில்லை. அந்தக் கதையைச் சொல்லப் போகும் அவசரத்தில் வாசலில் முனகிக்கொண்டிருந்தவரையே தாண்டிப் போனவர்களும் இருந்தார்கள், பாப்பா. கடவுளுக்காக வாழ்க்கையையே கொடுக்க வந்த பிள்ளைகள் அவர்கள். அவர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குணம் என்று ஒன்று இல்லவே இல்லை என்று சொல்ல வரவில்லை. அவசரத்திலும் நின்றவர் இருக்கிறாரே. ஆனால் ஒருவர் மனசில் இருப்பது அப்படியே செயலில் வந்துவிடும் என்று நினைக்காதே. நடுவில் எத்தனையோ குறுக்கே வருகிறது.

உன் பாட்டிக்கு இதெல்லாம் படிக்காமலே தெரியும். எதிர்வீட்டுக்காரர் வெடுக்கென்று பேசிவிட்டுப் போனால், "பாவம், வீட்டுல என்ன பிரச்சினையோ" என்பார். ஜோன் மில்லர் என்ற உளவியலாளர் 1984-இல் மைசூரிலும் சிகாகோவிலும் ஆட்களைப் பேசவைத்து ஒப்பிட்டுப் பார்த்தபோது, மைசூர்ப் பெரியவர்கள் அடுத்தவர் செயலுக்குச் சூழ்நிலையைத்தான் அதிகம் காரணமாகச் சொன்னார்கள். சிகாகோக்காரர்கள் குணத்தைச் சொன்னார்கள். சிறு பிள்ளைகளிடம் அந்த வித்தியாசம் பெரிதாக இல்லை. வளர வளர, சுற்றியிருப்பவர்களைப் பார்த்துப் பழகுவதுதான் போலிருக்கிறது. நீ பாட்டியிடம் வளர்ந்தவள்.

அந்த ரிப்போர்ட்டை நினைத்து எனக்குப் பயம் வருவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1959-இல் ஃபெஸ்டிங்கர், கார்ல்ஸ்மித் என்ற உளவியலாளர்கள் இருவரும் மாணவர்களுக்கு ஒரு மணி நேரம் சலிப்பான வேலை கொடுத்து, வெளியே காத்திருப்பவரிடம் "ரொம்ப நன்றாக இருந்தது" என்று சொல்லச் சொன்னார்கள். அப்படிச் சொல்ல 20 டாலர் வாங்கியவர்களைவிட, வெறும் 1 டாலர் வாங்கியவர்கள்தான் அந்த வேலை உண்மையிலேயே பிடித்திருந்தது என்று பின்னால் சொன்னார்கள். தகுந்த காரணம் இல்லாமல் சொன்னதை மனசு பிறகு நியாயமாக்கிக்கொள்கிறது. "பொறுப்பற்றவர்" என்று நீ ஒருமுறை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அடுத்த மாதம் அவள் நன்றாகச் செய்தாலும் உன் கண்ணில் படாது.

வியாழக்கிழமைக்குள் அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசு. எங்கிருந்து வேலை செய்கிறாள், உட்கார ஒரு அறை இருக்கிறதா, காலையில் யாரையாவது பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறதா என்று கேள். விசாரணை மாதிரி இருக்க வேண்டாம், சாப்பாட்டு நேரத்தில் கேள். கேட்ட பிறகும் குறை இருந்தால் தாராளமாக எழுது. எத்தனை நாள் தாமதம், எந்த வேலை முடியவில்லை, அவ்வளவு போதும். அவள் எப்படிப்பட்டவள் என்பதை அதில் எழுதாதே. பேசிவிட்டு ராத்திரி எனக்கு ஒரு போன் பண்ணு, விழித்திருப்பேன்.

அன்புடன்,
அம்மா