துக்ளக்கும் அமாவாசையும்: சேகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

சித்திரையில் நீ எழுதிய கடிதத்துக்கு ஐப்பசியில் பதில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள். அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. பாலு ஒருவழியாக வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டுவிட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்கார்ந்து சோவின் அரசியல் நையாண்டிப் படம் 'முகமது பின் துக்ளக்' பார்த்தேன். விடுதி மொட்டைமாடியில் அந்தப் படத்துக்காக நாம் விடிய விடியப் போட்ட சண்டையை மறந்திருக்க மாட்டாய். "சோ எல்லாரையும்தானே கிண்டல் செய்தார், அவருக்கு ஏது சார்பு?" என்று நீ ஒரே பிடியாகச் சாதித்தாய், எனக்கு அன்று பதில் சொல்ல வரவில்லை. இப்போது மகள் கேட்டாள்: "இதுல ஜனங்க மட்டும் ஏம்ப்பா எப்பவும் ஏமாளியாவே இருக்காங்க?"

பிரதமராகிவிட்ட துக்ளக், தன் பக்கம் தாவி வருகிறவர்களையெல்லாம் துணைப் பிரதமர்களாக்கும் காட்சிக்கு இன்றும் வயிறு வலிக்கச் சிரித்தேன். கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985-இல்தான் வந்தது. படமோ 1971-இல் வந்தது. அந்தத் துணிச்சலை நான் ஒருநாளும் மறுக்கமாட்டேன். ஆனால், இந்தி வேண்டுமா ஆங்கிலம் வேண்டுமா என்ற சண்டையைத் தீர்க்கப் பாரசீகத்தை ஆட்சிமொழியாக அறிவிக்கும் இடத்தில் என் சிரிப்பு நின்றுவிட்டது. இந்தித் திணிப்பை எதிர்த்து 1964-இல் சின்னசாமி திருச்சியில் தீக்குளித்தார். மறு ஆண்டு மாணவர்கள் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். இந்தப் படம் முதலில் நாடகமாக மேடையேறிய 1968-இல் அந்தக் காயம் ஆறியிருக்கவில்லை. திணித்தவரையும் எதிர்த்தவரையும் ஒரே தட்டில் வைத்து இருவருமே அசடுகள் என்று காட்டுவது நடுநிலை என்று நீ சொல்வாய். இழப்பு ஒரு பக்கம்தான் என்னும்போது, அப்படிக் காட்டுவதே ஒரு பக்கம் சாய்வதுதான், சேகர்.

மணிவண்ணனின் 'அமைதிப்படை'யை (1994) நான் விரும்புவது இதனால்தான். வாக்கு எண்ணும் நாளில் நாற்காலி நுனியில் குறுகி உட்கார்ந்திருக்கும் அமாவாசை என்னும் வேட்பாளன், முன்னிலைச் செய்தி வர வரக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்து, நிமிர்ந்து, சாய்ந்து, கடைசியில் தன்னை வளர்த்துவிட்டவருக்கே எஜமானனாகிவிடுகிறான். அதிகாரம் ஒருவன் முதுகெலும்பில் ஏறுவதை சத்யராஜ் உடம்பாலேயே காட்டிவிடுகிறார். அங்கே நாம் சிரிப்பது வாக்களித்தவனைப் பார்த்து அன்று. பிற்பாதியில் அது அப்பன் மகன் பழிவாங்கும் கதையாகச் சுருங்கிவிடுவது மட்டும் எனக்கு இன்றுவரை ஆறாத வருத்தம்.

'மண்டேலா' (2021) பார்த்தாயா? இரண்டு சாதிகளாகப் பிரிந்த ஊரில், ஊராட்சித் தேர்தலை முடிவு செய்யும் ஒற்றை வாக்கு முடிதிருத்துபவரின் கைக்கு வருகிறது. நேற்றுவரை அவரைத் திண்ணையில்கூட ஏற்றாதவர்கள் அவர் வாசலில் வந்து காத்து நிற்கிறார்கள். எந்தக் கட்சிக்கொடியும் இல்லாமலேயே அந்தப் படம் யார் பக்கம் நிற்கிறது என்பது ஒவ்வொரு சிரிப்பிலும் தெரிகிறது. பார்த்துவிட்டு எழுது, இம்முறை சண்டைக்கு நான் தயார்.

இன்னொன்று. உன் பெரியப்பா 1965-இல் சிறைக்குப் போனவர்தானே? அவர் அந்நாளில் துக்ளக்கைப் பார்த்தாரா, பாரசீகக் காட்சியில் அவருக்குச் சிரிப்பு வந்ததா என்று மறக்காமல் கேட்டு எழுது.

அன்புடன்,
முருகேசன்