இடம்புரிப் பெடல்

ஒட்டுசுட்டான்,
மார்கழி 12

அன்பின் மச்சானுக்கு,

நலம். உன் நலமும் தங்கச்சியின் நலமும் அறிய ஆவல். இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் தொடங்கியதும் நீ குறுக்கே விழுந்து, "எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்" என்பாய். கடிதத்தில் அது நடக்காது. ஆகவே முதலிலேயே குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஆவணியில் மருமகன் இங்கே விட்டுவிட்டுப் போன மலைச் சைக்கிளின் இடப்பக்கக் கிராங்கில், அதாவது பெடல் பூட்டும் தண்டில், புரியை அறுத்துவிட்டேன். நான்தான். நாற்பது வருடமாகச் சைக்கிள் கடை வைத்திருப்பவன்.

விமானப் பெட்டிக்குள் அடக்குவதற்காக அவன் பெடல்களைக் கழற்றி, ஒரு பழைய காலுறைக்குள் சுற்றி வைத்திருந்தான். பேரனின் பரீட்சை முடியும் வரை பெட்டியைப் பிரிக்கவில்லை. முடிந்த அன்று மாலையே, "அப்பப்பா, பூட்டுங்கள்" என்று காலைச் சுற்றி வந்தான். மழை இருட்டு, கரண்டும் இல்லை. டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கைக்கு முதலில் அகப்பட்ட பெடலை எடுத்து இடப்பக்கத்தில் திருகினேன். இரண்டு சுற்றுப் போய் நின்றது. புதுச் சாமான், இறுக்கமாகத்தான் இருக்கும் என்று 15 மில்லிமீற்றர் ஸ்பானரைப் போட்டு, அதன் வாலில் ஒரு குழாயையும் செருகி இழுத்தேன். அது வலப்பக்கப் பெடல், மச்சான். உருக்கு அச்சு அலுமினியக் கிராங்குக்குள் முறை தவறிப் போனால் வழக்கு யார் பக்கம் தீரும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியே எடுத்தபோது புரியின் இடுக்கில் வெள்ளிச் சுருள் சுருளாக அலுமினியம் தொங்கியது. பேரன் அதைப் பார்த்து, "வடிவாக இருக்கிறது" என்றான்.

நாம் இருவரும் கடைக்கு வேலை பழக வந்த முதல் கிழமையே முதலாளி சொல்லித் தந்த பாடம் இது. சங்கில் வலம்புரி அருமை, ஆணியில் இடம்புரி அருமை என்பார். சைக்கிளில் இடப்பக்கப் பெடல்தான் அந்த அருமையான சாமான், மற்ற ஆணிகளுக்கு மாறாக இடப்பக்கமாகத் திருகினால்தான் இறுகும். இரண்டு பெடலையும் முன் சில்லுப் பக்கமாகத் திருப்பினால் இறுகும், பின் சில்லுப் பக்கமாகத் திருப்பினால் கழலும். அச்சின் முனையில் எல், ஆர் என்று எழுத்தும் வெட்டியிருக்கும். எழுத்தைப் பார்க்காமல் பூட்டினேன், அவ்வளவுதான்.

ஆனால் ஏன் இடம்புரி என்று முதலாளி சொன்ன விளக்கம் சரியில்லை என்று இப்போதுதான் விளங்குகிறது. "மிதிக்கிற திசைக்கு அது இறுகும்" என்பார், நாமும் தலையாட்டுவோம். யோசித்துப் பார். பெயாரிங்கின் உரசல் அச்சை இழுக்கும் திசை உண்மையில் கழற்றும் திசை. அப்படியானால் பெடல் கழன்று விழ வேண்டுமே? விழாததற்குக் காரணம் வேறு. எவ்வளவு இறுக்கினாலும் துளைக்கும் அச்சுக்கும் இடையில் மயிரளவு இடைவெளி இருக்கும். நம் பாரம் எப்போதும் கீழ்நோக்கித்தான் அழுத்துகிறது, கிராங்கோ சுற்றுகிறது. ஆகவே அந்த அழுத்தம் துளையின் விளிம்பைச் சுற்றிக்கொண்டே வருகிறது. அச்சு உட்சுவரில் உருண்டு, உருளும் திசைக்கு எதிராகத் தானும் துளித் துளியாகத் திரும்புகிறது. பேரனுக்கு ஒரு பென்சிலை வைத்துக் காட்டினேன். இடக்கை விரல்களைத் தளர்ந்த வளையமாக மடித்து, உள்ளே பென்சிலை விட்டு, அதன் தலையை ஒரு பக்கமாக வட்டமிடச் செய்தால் பென்சில் மறுபக்கமாகத் திரும்புகிறது. செய்து பார். அந்தத் திரும்பல்தான் பெடலை இறுக்குகிறது. பெயாரிங்கின் இழுவையை அது வென்றுவிடும்.

பெயாரிங் சிக்கிக்கொண்டால் மட்டும் கணக்கு மாறும். அப்போது இழுவை வென்று பெடல் தானாகவே கழலும். மாங்குளத்தில் இருந்து விறகு கட்டி வரும் ஒருவர் மாதத்துக்கு இரண்டு தரம் பெடல் கழன்றுவிட்டது என்று வந்து நிற்பாரே, நினைவிருக்கிறதா? நாம் ஒழுங்காக இறுக்கவில்லை என்று முதலாளி நம்மைத் திட்டுவார். அந்த மனிதரின் பெடலுக்குள் பெயாரிங் குண்டு உடைந்து கிடந்திருக்கும் என்று இப்போது சத்தியம் செய்வேன். எத்தனையோ வருடம் பிந்திய தீர்ப்பு.

கிராங்கைக் கிளிநொச்சிக்குக் கொண்டுபோய் லேத்தில் பெருப்பித்து, இடம்புரி வெட்டிய உருக்கு புஷ் (உட்குழல்) ஒன்றை இறக்கியாகிவிட்டது. லேத்காரர் நல்ல கைகாரர். துளைக்குள் புரி வெட்டும் இடம்புரி டாப் தன்னிடம் இல்லை என்று, லேத் ஊசியாலேயே புரி வெட்டித் தந்தார். 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி. இந்த அளவைச் சொன்னதும் எனக்கு ஒன்று தோன்றியது. மீள்குடியேறி வந்த வருடம், கடை இருந்த இடத்தைத் துப்புரவாக்கும்போது மண்ணுக்குள் இருந்து ஒரு பெடல் அச்சு கிடைத்தது என்று உனக்கு எழுதியிருந்தேன். றப்பர் தேய்ந்துபோன பெடல்களுக்கு நீ பாலைக் கட்டையைச் சீவிப் போடுவாயே, அந்த வகை. கட்டையைக் கறையான் தின்றுவிட்டது, குண்டு ஓடும் கப்பும் கோனும் துரு. அச்சு மட்டும் நேராக நின்றது. மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு எடுத்து லாச்சியில் வைத்திருந்தேன். அதை எடுத்து மருமகனின் சைக்கிளில் வலப்பக்கக் கிராங்கில் வைத்து விரலால் திருப்பினேன். வழுக்கிக்கொண்டு போயிற்று! அன்றைய இங்கிலாந்துச் சைக்கிளுக்கும் இன்றைய மலைச் சைக்கிளுக்கும் ஒரே புரி. கிராங்கும் அச்சும் ஒரே கம்பியாக வளைத்த சில பிள்ளைச் சைக்கிள்களுக்கு மட்டும் அரை அங்குலம்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். புதுப் பெடல் சோடி அனுப்புவதாகவும் எந்த வகை வேண்டும் என்றும் கேட்டிருந்தாய். மருமகனும் நான்கு படம் அனுப்பியிருக்கிறான். பதில் சொல்ல முதல், இருக்கிற பெடலைக் கழற்றிப் பார்த்தேன். இந்த வயதிலும் புதுச் சாமானைப் பிரிக்காமல் எனக்கு நித்திரை வராது.

வெளி முனையில் ஒரு மூடி. அதைக் கழற்றினால் உள்ளே சின்ன நட். நட்டைக் கழற்றியதும் அச்சு முழுதாக வெளியே வந்துவிட்டது. ஒரு குண்டுகூடச் சிந்தவில்லை. நாம் 5/32 அங்குலக் குண்டுகளை மணலில் சிந்திவிட்டு, உடைந்த ரேடியோவின் ஸ்பீக்கர் காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்துத் தேடிய நாட்கள் நினைவுக்கு வந்தன. இதில் வெளி முனையில் மோதிரம் அளவு மூடிய பெயாரிங் ஒன்று. கிராங்குப் பக்கத்தில் குண்டே இல்லை, மெல்லிய புஷ் மட்டும். முதலில் இது சிக்கனப் புத்தி என்று நினைத்தேன். பிறகு அளந்து பார்த்தேன். பாரம் அதிகம் விழும் அந்த இடத்தில் அச்சு பருமனாக இருக்கிறது, பெடலின் உடலோ என் சுண்டுவிரல் தடிப்பு. நடுவில் குண்டு வைக்க இடம் எங்கே? புஷ் என்றால் ஒரு மில்லிமீற்றர் போதும், பாரத்தையும் பரப்பி ஏற்கும். பெடல் மெலிதாக இருந்தால்தான் கல்லில் இடிபடாது, காலும் அச்சுக்குக் கிட்ட நின்று தளம்பாது.

குறை என்னவென்றால் தூசி. நெடுங்கேணிப் பக்கக் கிரவல் தூசி அந்தச் சின்ன றப்பர் வளையத்தைத் தாண்டி உள்ளே போய், கிறீஸோடு குழைந்து, தீட்டுக்கல் பசைபோலக் கிடந்தது. பூட்டி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. புஷ்ஷில் விரல் வைத்தால் கீறல் தெரிகிறது. அங்கே பனியிலும் சேற்றிலும் ஓடுகிற சாமான்தானே என்பாய். சேறு வேறு, நம் தூசி வேறு. வறண்ட காலத்தில் அது மாவாகப் போகிறது, மழை வந்ததும் சீமெந்தாக இறுகுகிறது.

இனிப் படங்கள். முதலாவது அலுமினியம். 6061 என்ற வகைக் கட்டியைக் கணினி இயந்திரத்தில் கடைந்து, நீலச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். அழகு, மறுக்கவில்லை. ஆனால் வார்த்த அலுமினியத்தையும் இதேபோல நிறம் தீட்டி விற்பார்கள், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வார்ப்பு ஒரு நாள் சொல்லாமல் உடையும். இரண்டாவது டைட்டானியம் அச்சு. உருக்கின் பாரத்தில் பாதியும் கொஞ்சமும்தான் வரும். விலையைப் பார்த்தேன், ஒரு போக நெல்லின் ஆதாயம்! அந்த அச்சுக்கு ஏறுகிறவரின் நிறை இவ்வளவுக்கு மேல் போகக்கூடாது என்று பல கம்பனிகள் எல்லை வைக்கின்றன. இங்கே கரியரில் ஒரு மூட்டை, பாரில் ஒரு பிள்ளை. எல்லையை யாரிடம் காட்டுவது?

மூன்றாவது, சப்பாத்தின் அடியில் பூட்டிக்கொள்ளும் வகை. 1990இல் ஷிமானோ மலைச் சைக்கிளுக்கென்று எஸ்பிடி என்ற பெயரில் கொண்டுவந்த முறை. கிளீட் என்ற உலோகத் துண்டு அடிச்சப்பாத்தின் குழிக்குள் இருப்பதால் நடக்கவும் முடியும். நல்ல மூளை. கழற்ற வேண்டுமானால் குதியை வெளிப்பக்கமாகத் திருப்ப வேண்டும். முத்தையன்கட்டுப் பாதையில் பொழுதுபடும் நேரம் யானை நின்றால், நான் குதியைத் திருப்பும் வரை அது காத்திருக்குமா? அந்தப் படத்தை அழித்துவிட்டேன்.

நான்காவது, கண்ணாடி நார் கலந்த நைலோன். பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி. எனக்கு இதுதான் வேண்டும், மச்சான். உடல் எதனாலும் இருக்கட்டும், பாரத்தைத் தாங்குவது அச்சு. இதற்கும் குரோமியமும் மொலிப்டினமும் சேர்ந்த உருக்கு அச்சுத்தான் போட்டிருக்கிறார்கள், கடைந்த அலுமினியத்துக்குப் போடுவதும் அதுவே. நைலோன் கல்லில் பட்டால் வழுக்கிவிடும். வெயிலில் நின்றாலும் கால் சுடாது. சிரிக்காதே. சித்திரை வெயிலில் வாசலில் நின்ற அலுமினியப் பெடலில் வெறுங்காலை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரி.

காலைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். இந்தப் பெடல்களின் இரு முகத்திலும் பத்துப் பத்து ஊசி ஆணி, 4 மில்லிமீற்றர் புரி வெட்டியது. நடுவில் சிறிது குழிந்த தட்டு. ஆணி சப்பாத்தின் றப்பரைக் கவ்வினால் மேட்டிலும் பள்ளத்திலும் கால் நழுவாது, அதற்காகவே வைத்தது. ஆனால் இங்கே யார் சப்பாத்துப் போட்டுச் சைக்கிள் ஓடுகிறார்கள்? பேரனின் றப்பர் செருப்பு ஒரு கிழமையில் சல்லடை. நான் ஒரு முறை பள்ளிக்கூடம் வரை ஓடிப் பார்த்தேன். இறங்கும்போது பெடல் சுழன்று முன்காலில் நான்கு கோடு கீறியது, பூனை பிறாண்டியதுபோல நேர்கோடு. உன் மனைவியிடம் சொல்லாதே, அவள் இவளுக்குச் சொல்லிவிடுவாள். நம் பழைய றப்பர்க் கட்டைப் பெடல் வெறுங்காலுக்காகவே பிறந்தது. வழுக்கும், உண்மைதான். ஆனால் கடிக்காது. ஆகவே அனுப்பும் பெடலில் ஆணிகள் வார்த்த பிளாஸ்டிக்காக இல்லாமல், தனித்தனியே கழற்றக்கூடிய உருக்கு ஆணியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. முன்னும் பின்னும் இரண்டிரண்டை விட்டுவிட்டு மற்றதைக் கழற்றிவிடுவேன். பேரன் வளர்ந்து சப்பாத்து வாங்கினால் திரும்பப் பூட்டிக்கொள்ளட்டும்.

மற்றப்படி புதினம் குறைவு. குளம் வான் பாய்கிறது. காலபோக நெல் குடலைப் பருவம், பன்றிதான் கரைச்சல். அண்ணியின் முழங்கால் வலி அப்படியே. மலையே இல்லாத வன்னியில் மலைச் சைக்கிள் எதற்கு என்று கேட்டவர்கள் எல்லோரும் ஒரு தரம் குளக்கட்டில் ஏற்றி ஓடிப் பார்த்துவிட்டார்கள். ஐயரும் ஓடினார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு.

பெடலோடு இரண்டு சாமான் சேர்த்து அனுப்பு. 8 மில்லிமீற்றர் ஆறுமூலைச் சாவி ஒன்று, நீளமான பிடியுள்ளது. ஸ்பானர் வாய் பிடிக்காத பெடல்களும் இப்போது வருகின்றன. மற்றது 9/16 இடம்புரி டாப். அதைத் தனியாகச் சுற்றி, மேலே உன் கையால் "இடது" என்று தமிழில் பெரிதாக எழுதிவிடு. எல் எழுத்தைப் பார்க்காமல் ஒரு தரம் நான் பட்டது போதும்.

அன்பின்,
பட்டறையில் உன் கூட்டாளி