பல்லைப் பிடுங்காததற்கு ஒரு விளக்கம்

கோத்தகிரியிலிருந்தும் சுற்றியுள்ள ஹட்டிகளிலிருந்தும் (படுகர் ஊர்கள்) இத்தனை வருடமாக நம் பல் கிளினிக்குக்கு வந்துகொண்டிருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

இரண்டு வாரமாக வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்த வாய்ஸ் மெசேஜ் எனக்கும் வந்து சேர்ந்தது, அதுவும் நாலு பேரிடமிருந்து. "அங்கே போனா பல்லைப் பிடுங்க மாட்டாங்க, பணத்தைத்தான் பிடுங்குவாங்க." பேசியவர் மேல் கோபமில்லை. ஆனால் சுருக்கென்று தைத்துவிட்டது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பிடுங்குவது எனக்குச் சுலபம். மரத்துப்போக ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணி நேர வேலை. தொல்லை பிறகுதான். கீழே ஒரு கடைவாய்ப் பல் போனால் பக்கத்துப் பல் அந்தச் சந்துக்குள் சாயும், மேலே இருக்கும் ஜோடிப் பல் மெல்ல இறங்கும், அந்த இடத்துத் தாடை எலும்பும் கரையும். அதனால்தான் முடிந்தவரை பிடுங்காமல் ரூட் கெனால் செய்யப் பார்க்கிறேன், அதாவது பல்லுக்குள் கெட்டுப்போன நரம்பை எடுத்து, சுத்தம் செய்து அடைப்பது.

சரி, ரூட் கெனாலுக்கு ஏன் மூணு நாலு நடை? கீழ்க் கடைவாய்ப் பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு வேர், அதற்குள் நரம்பு ஓடும் கால்வாய் மூன்று, சிலருக்கு நாலு. ஒவ்வொன்றிலும் மெல்லிய ஊசியை விட்டுச் சுரண்டிக் கழுவ வேண்டும். சீழ் பிடித்திருந்தால் உள்ளே மருந்து வைத்து ஒரு வாரம் விடுவேன், காய்ந்த பிறகுதான் கட்டா பெர்ச்சா வைத்து அடைப்பது. மலாய் நாட்டு மரம் ஒன்றின் பாலிலிருந்து வருவது அது, ஊசி மாதிரி இளஞ்சிவப்புக் குச்சி, கேட்டவர்கள் கையில் கொடுத்தே காட்டியிருக்கிறேன். அப்புறம் கேப், பல்லுக்கு மேல் மாட்டும் உறை. அது கோயம்புத்தூர் லேபிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும், மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்தால் அதுவும் அங்கேயே நிற்கும்.

"தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுற மாதிரியா டாக்டர்?" என்று ஒரு எஸ்டேட் மேஸ்திரி கேட்டார். வேரை விட்டுவைக்கிற வரைக்கும் சரிதான், ஆனால் செடி தளிர்க்கும், பல் தளிர்க்காது. உயிர்நரம்பு எடுத்த, பாதி சொத்தையான கடைவாய்ப் பல் முறுக்கு கடித்தாலே பிளக்கும், கேப் அதற்குத்தான்.

எல்லாப் பல்லையும் காப்பாற்றிவிடுவேன் என்று சொல்லவில்லை. வேர் நெடுக்காகப் பிளந்திருந்தால் நானே எடுத்துவிடுவேன். (மேல் பல்லை எடுத்தால் கண் போய்விடாது, பயப்படாதீர்கள்.) என் வயிற்றெரிச்சல் ஆறு வயதில் வரும் கடைவாய்ப் பல்தான். எந்தப் பல்லும் விழாமல் பின்னால் முளைப்பதால் பால் பல் என்று நினைத்து, "விழுந்து முளைக்கும்ல, எடுத்துடுங்க" என்கிறார்கள். அது முளைக்காதுங்க.

மழையில் குடையோடு வாசலில் காத்திருந்தவர்களுக்கும், கேரட் கட்டோடு வந்தவர்களுக்கும் ரொம்ப நன்றி. பையன் விளையாடி விழுந்து தெறித்த முன்பல்லைப் பால் டம்ளரில் போட்டு அரை மணிக்குள் ஓடிவந்த அம்மாவை மறக்கவே முடியாது. திரும்பப் பொருத்திக் கம்பி கட்டினோம், இன்னும் நிற்கிறது.

கூட இருந்த அசிஸ்டென்ட் கல்யாணமாகித் திருப்பூர் போய்விட்டார், லேப் கூலியும் ஏறிவிட்டது, ஆகவே அடுத்த மாதம் முதல் ரூட் கெனாலுக்கு 500 ரூபாய் கூடுதல், ஞாயிறு விடுமுறை.

அப்புறம், வலி நின்றதும் வராமல் போனவர்களின் கேப் நாலு, பெயர் எழுதிய டப்பாவில் என் மேஜை டிராயரில் கிடக்கிறது. வந்து மாட்டிக்கொள்ளுங்கள், பழைய ரேட்டுதான்.