மேனேஜருக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி

மேஜர் லீக் பேஸ்பால் ஆணையர் அலுவலகத்தாருக்கு,

வணக்கம். ஆட்டத்துக்கு முன்பும் பின்பும் செய்தியாளர்களைச் சந்திக்கும் கடமை, களத்தில் அணியை நடத்தும் மேனேஜர்களுக்கு உண்டு. 162 ஆட்டங்கள் கொண்ட பருவத்தில் இதுவே பெரிய வேலை. அங்கே அணி நிர்வாகி ஒருவரும் அவரோடு பதில் சொல்ல வேண்டும் என்ற திருத்தம் கோரி இம்மடலை எழுதுகிறேன்.

2020 அக்டோபர் 27 அன்று, ஆர்லிங்டனில் நடந்த, கோப்பைக்கான இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸின் ஆறாவது ஆட்டத்தில், டாம்பா பே ரேஸ் அணி லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு எதிராக 1-0 என முன்னிலையில் இருந்தது. ரேஸின் பிட்சர் (பந்து வீசுபவர்) பிளேக் ஸ்னெல் 73 பந்துகளே வீசி ஒன்பது பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கியிருந்தார், அதாவது மூன்று ஸ்ட்ரைக்குகளில் வெளியேற்றியிருந்தார். டாட்ஜர்ஸின் முதல் மூன்று பேட்டர்களும் தலா இருமுறை அவரிடம் அப்படியே வீழ்ந்திருந்தார்கள். ஆறாவது இன்னிங்ஸில் ஒருவர் அவுட்டான பின் டாட்ஜர்ஸின் ஆஸ்டின் பார்ன்ஸ் ஒரு சிங்கிள் அடித்து முதல் தளம் எட்டியதும், ரேஸ் மேனேஜர் கெவின் கேஷ் பிட்சரை மாற்ற, அணி அமரும் டக்அவுட்டிலிருந்து படியேறி வந்தார். அவரைக் கண்டதுமே ஸ்னெல்லின் வாயிலிருந்து வந்த வசவுக்கு ஒலி தேவைப்படவில்லை, உதட்டசைவே போதுமாக இருந்தது. மாற்றாக வந்த நிக் ஆண்டர்சனிடம் டாட்ஜர்ஸின் மூக்கி பெட்ஸ் இரண்டாம் தளம் வரை எட்டும் டபுள் அடித்தார். அந்த இன்னிங்ஸ் முடிவதற்குள் டாட்ஜர்ஸ் 2-1 என முந்தி, இறுதியில் 3-1 என்று கோப்பையை வென்றது.

அன்றிரவு கேஷ் நழுவவில்லை. அதே பேட்டர்கள் ஸ்னெல்லை மூன்றாம் முறை எதிர்கொள்வதைத் தாம் விரும்பவில்லை என்று விளக்கினார். ஒரே பிட்சரை மீண்டும் மீண்டும் பார்க்கும் பேட்டருக்குக் கை கூடிவரும் என்பது புள்ளிவிவரத் துறையினர் பல்லாண்டுகளாகச் சொல்லிவரும் கணக்கு. குறைந்த சம்பளப் பட்டியலோடு ரேஸ் 60 ஆட்டங்களாகச் சுருக்கப்பட்ட அந்தப் பருவத்தில் 40 வெற்றி, 20 தோல்வி என முடித்ததில் அத்தகைய கணக்குகளுக்குப் பெரும் பங்குண்டு. முடிவு தவறு என்றே நான் இன்றும் கருதுகிறேன். ஆனால் அணி முழுவதும் சேர்ந்து வளர்த்த ஒரு முறைக்கு ஒருவர் மட்டும் பதில் சொன்னார்.

2003-இல் பாஸ்டன் மேனேஜர் கிரேடி லிட்டில் நேர்மாறாக நடந்தார். நியூயார்க் யாங்கீஸுக்கு எதிரான அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், எட்டாவது இன்னிங்ஸில், 5-2 என்ற முன்னிலை கரையத் தொடங்கிய வேளையில், களைத்திருந்த பிட்சர் பெத்ரோ மார்ட்டினெஸிடம் போய்ப் பேசிவிட்டு அவரையே தொடர விட்டார். பாஸ்டன் தோற்றது, அவருடைய ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. பிட்சரை எடுத்தாலும் விட்டாலும் பழி மேனேஜருக்குத்தான்.

2022 ஏப்ரலில் மினியாபோலிஸ் குளிரில் டாட்ஜர்ஸ் பிட்சர் கிளேட்டன் கெர்ஷா ஏழு இன்னிங்ஸ் வரை ஒருவரையும் தளம் ஏறவிடாமல் வீசியிருந்தபோது, 80 பந்துகளோடு மேனேஜர் டேவ் ராபர்ட்ஸ் அவரை நிறுத்தினார். அம்முடிவு சரியே என்று கெர்ஷாவே சொன்னதால் ராபர்ட்ஸின் சுமை சற்றுக் குறைந்தது. எல்லா மேனேஜருக்கும் அப்படியொரு பிட்சர் வாய்ப்பதில்லை.

ஆகவே, பருவத்துக்குப் பிந்தைய பிளேஆஃப் (வெளியேற்றச் சுற்று) ஆட்டங்களுக்குப் பிந்தைய சந்திப்புகளிலாவது, அன்றைய திட்டத்தில் பங்குகொண்ட அணி நிர்வாகி ஒருவரும் மேனேஜரின் பக்கத்தில் அமர வேண்டும் என்று விதி செய்யுங்கள். வீரர்களின் உடல்நிலை, மறுநாள் வியூகம் போன்றவற்றைச் சொல்ல மறுக்கும் உரிமை இருவருக்கும் இருக்கட்டும். அந்த நாற்காலி 2020-இல் இருந்திருந்தால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது: முந்தைய பல ஆட்டங்களில் தொடர்ந்து ரன் கொடுத்துவந்த ஆண்டர்சன், அன்றைய ஸ்னெல்லைவிட மேல் என்று எந்தக் கணக்கு சொன்னது?

இப்படிக்கு,
ஒரு பேஸ்பால் ரசிகர்